பின் சில்லைத் தனி ஆளாகக் கழற்றிப் பூட்ட லேசான வழி உண்டா? (பல்சர் 150, டிரம் பிரேக்)

வெள்ளவத்தை_பல்சர்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பல்சர் 150. பின்னால் டிரம் பிரேக், டியூப் போட்ட டயர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இன்னும் கொஞ்சக் காலம் இதையே ஓட்டுவோம் என்று வைத்துக்கொண்டேன். இப்போது இறக்குமதி திறந்துவிட்டது, ஆனால் புது வண்டியின் விலையைக் கேட்ட பிறகு இதையே பத்திரமாகப் பார்த்துக்கொள்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். அச்சகங்களுக்குக் கடதாசி மாதிரிகள் கொண்டுபோய்க் காட்டும் வேலை எனக்கு. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு நாளில் போய்த் திரும்புவேன். வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

பின் டயர் பஞ்சரானால் சில்லைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கடைசியாக ஒரு டயர் கடையில் கொடுத்தேன். அங்கே வேலை செய்த பையன் அக்ஸலின் (சில்லின் நடுவே போகும் இரும்புத் தண்டின்) நுனியில் இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், பிரேக் பிளேட்டை (டிரம்மை மூடி, பிரேக் ஷூக்களைத் தாங்கும் தட்டை) பிடித்து வைக்கும் அந்த நீளப் பட்டையின் நட்டில், நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இல்லை. அதோடு ஓடியிருக்கிறேன் என்று நினைக்கவே நெஞ்சு பதறியது. இனி சில்லை நானே கழற்றி, டயர் கடைக்குச் சில்லை மட்டும் எடுத்துப்போய், நானே பூட்டுவது என்று இருக்கிறேன்.

பிரச்சினை என் முதுகு. டிஸ்க் விலகியிருக்கிறது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கழற்றுவது எப்படியோ நடந்துவிடும். பூட்டும்போதுதான் சில்லைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, பிரேக் பிளேட்டை நேராக்க ஒரு கை, ஸ்பேசரை (இடைவெளி காக்கும் குழாய்த் துண்டை) வைக்க ஒரு கை, அக்ஸலைத் தள்ள இன்னொரு கை என்று ஆகிவிடுகிறது. ஒன்று சரியாக வந்தால் மற்றது விழுகிறது. வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. இடமும் ஃபிளட்டின் கீழே ஒரு வண்டி நிற்கும் அளவுதான்.

சில்லைத் தூக்காமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்15_தெஹிவளை

அண்ணா, செயினின் லொக் லிங்கை (இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணியை) கழற்றிவிட்டால் பாதி வேலை லேசாகிவிடுமே? செயின் கையில் இருந்தால் சில்லு முன்னும் பின்னும் தாராளமாக ஆடும். நான் அப்படித்தான் செய்கிறேன். முதுகுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மச்சானைக் கூப்பிட்டுச் செய்வது நல்லது.

கிராண்ட்பாஸ்_கராஜ்

தம்பி, உங்களுக்கு ஆளும் தேவையில்லை, செயினைக் கழற்றவும் தேவையில்லை. கராஜில் இருந்த காலம் முழுக்க நான் இந்த வேலையைத் தனியாகத்தான் செய்தேன். இப்போது வயதாகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் உள்ள வண்டிகளுக்கு நானேதான் செய்து கொடுக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்தவுடன் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதைப் பலத்தால் செய்யப் பார்க்கிறார்கள்.

அக்ஸல் ஏன் போக மறுக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்விங் ஆர்மின் (பின் சில்லைத் தாங்கும் கைகளின்) ஓட்டை, ஸ்பேசர், பேரிங், பிரேக் பிளேட் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் அக்ஸல் விரலால் தள்ளினாலே போகும். சில்லின் பாரம் அக்ஸல்மேல் இருக்கும்போது அந்தக் கோடு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. உடனே ஆள் சுத்தியலை எடுக்கிறான். சுத்தியல் தேவைப்படுகிறதென்றால் உயரம் பிழை. அவ்வளவுதான். அந்த உயரத்தைக் கையால் கொடுக்காமல் நிலத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோடி மர ஆப்பு செய்துகொள்ளுங்கள். ஒரு அடி நீளம், டயரை விடக் கொஞ்சம் அகலம். ஒரு முனை ஒரு சென்டிமீற்றர் தடிப்பு, மறு முனை நான்கு சென்டிமீற்றர். இரண்டையும் எதிர் எதிராக, சரிவு மேல் சரிவு படும்படி வைத்தால் மேல்பக்கம் சமதளமாக இருக்கும். மேல் ஆப்பை நகராமல் பிடித்துக்கொண்டு கீழ் ஆப்பை ஒரு சென்டிமீற்றர் உள்ளே தள்ளினால் சில்லு சரியாக ஒரு மில்லிமீற்றர் மேலே வரும். எந்த மனிதக் கையும் ஒரு சில்லை அந்த அளவு நுணுக்கமாகத் தூக்கிப் பிடிக்காது. வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பாதத்தால் மேல் ஆப்பைத் தடுத்துக்கொண்டு மற்றப் பாதத்தால் கீழ் ஆப்பைத் தள்ளுங்கள். இரண்டு கைகளும் சும்மா இருக்கும், முதுகும் நிமிர்ந்திருக்கும். எந்த மர ஆலையிலும் ஒரு துண்டுப் பலகையைக் கொடுத்து மூலைவாட்டில் அறுத்துத் தரச் சொல்லலாம். மேலே வழுக்காமல் இருக்கப் பழைய டியூப் துண்டு ஒன்றை ஆணி அடித்துவிடுங்கள்.

சரி, இனி வேலையின் ஒழுங்கு.

அக்ஸல் நட்டை இரண்டு சில்லும் நிலத்தில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். டபல் ஸ்டாண்டில் போட்டுவிட்டு நீளமான ஸ்பானரால் இழுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கி உங்கள் மேலேயே சாயலாம். ஸ்டாண்டில் ஏற்றும்போதும் முதுகால் இழுக்க வேண்டாம். ஸ்டாண்டின் மிதியில் முழு உடம்புப் பாரத்தையும் கொடுத்து நிமிர்ந்து நின்றால் வண்டி தானாக ஏறும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே மூன்று சென்டிமீற்றர் பலகை ஒன்றை வைத்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சில்லை வெளியே எடுக்கும்போது மட்கார்ட் இடிக்கும், பிறகு வண்டியைச் சாய்த்துப் பிடிக்க ஆள் தேட வேண்டி வரும். முன் சில்லைச் சுவரில் முட்ட விட்டு, முன் பிரேக் லீவரைப் பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் வளையத்தால் கைபிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

உங்கள் பல்சரில் இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. செயின் பக்கம் பார்த்தால் அக்ஸல் நட்டுக்கு உள்ளே இன்னொரு பெரிய நட் தெரியும். அது ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை ஸ்விங் ஆர்மோடு பிடித்து வைக்கிறது. அதைத் தொடாமல் அக்ஸலை மட்டும் உருவினால் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் இருந்த இடத்திலேயே நிற்கும், சில்லு மட்டும் பிரிந்து வரும். கையில் செயின் கறுப்புக்கூடப் படாது. செயினின் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டர்களையும் தொடாதீர்கள். தொடாவிட்டால் செயினின் தளர்வும் சில்லின் நேரும் பழையபடியே கிடைக்கும்.

பிரேக் ரொட்டின் நுனியில் உள்ள நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் அந்தச் சின்ன உருளையும் வரும். எடுத்த உடனே அதே ரொட்டில் அதே ஒழுங்கில் மாட்டி, நட்டை இரண்டு சுற்று சுற்றி வையுங்கள். பிறகு பிரேக் பிளேட்டின் பட்டையை விடுவியுங்கள். அடுத்து அக்ஸலை உருவுவதற்கு முன் ஆப்புகளை டயருக்குக் கீழே வைத்து, டயரைத் தொடும் வரை தள்ளிவிடுங்கள். இதுதான் பலர் விடும் இடம். பூட்டும்போது மட்டும் ஆப்பு வைத்தால் போதாது. கழற்றும்போதும் பாரத்தை எடுத்துவிட்டால் அக்ஸல் சுழன்றுகொண்டே வெளியே வரும்.

வெளியே எடுத்த அக்ஸலிலேயே வாஷர், ஸ்பேசர் எல்லாவற்றையும் வந்த ஒழுங்கில் கோத்து வையுங்கள். எது எந்தப் பக்கம் என்ற கேள்வியே பிறகு வராது. பிறகு ஆப்பை மெதுவாகப் பின்னால் இழுத்தால் சில்லு தானாக இறங்கும். பிரேக் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பிரித்து, உருட்டி வெளியே எடுங்கள். தூக்கும் வேலை இதுவரை எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா?

சில்லு வெளியே இருக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பேரிங்கின் உள் வளையத்தை விரலால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல இருந்தால் மாற்றும் நேரம். அதன் பக்கத்தில் 6202, 6302 என்று ஓர் எண் வெட்டியிருக்கும். வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் போய் வண்டியின் பெயரைச் சொல்வதை விட அந்த எண்ணைச் சொன்னால் பிழையான சாமான் வராது. மற்றது ஹப்பில், அதாவது சில்லின் நடுப்பகுதியில் இருக்கும் ரப்பர். ஸ்ப்ராக்கெட்டின் விரல்கள் போய் உட்காரும் அந்த ரப்பர் துண்டுகள் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் கியர் மாற்றும்போது வண்டி வெட்டி இழுக்கும். புது ரப்பர் போட்டால் பூட்டும்போது இறுக்கமாக இருக்கும். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் ரப்பருக்கு வேண்டாம், ஊதிப்போய்விடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம், கொம்பிரசர் காற்றும் வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பூட்டும்போது முதலில் பிரேக் பிளேட்டை டிரம்முக்குள் வைத்துவிட்டு, சில்லை உருட்டிக்கொண்டு உள்ளே போங்கள். டயரை ஆப்பின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஸ்ப்ராக்கெட்டின் நடு ஓட்டையும் ஹப்பின் நடு ஓட்டையும் சம உயரத்துக்கு வரும் வரை கொண்டுவாருங்கள். பிறகு சில்லைக் கையால் மெல்லச் சுற்றினால் அந்த விரல்கள் ரப்பர்களின் இடைவெளியைத் தேடிப் பிடிக்கும். பிடித்தவுடன் பிரேக் பக்கத்திலிருந்து முழங்காலால் ஒரு தள்ளு. அப்புறம் ஸ்பேசர். அதன் முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்ட வைத்தால் விழாது. கடைசியாக அக்ஸல். எங்கேயாவது முட்டினால் அடிக்காதீர்கள். முட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள், உயரமா தாழ்வா என்று தெரியும். ஆப்பை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

தெஹிவளைத் தம்பிக்கு: லொக் லிங்கைக் கழற்றலாம், பிழையில்லை. ஆனால் தேவையில்லாமல் அடிக்கடி கழற்றினால் அந்தக் கிளிப் இளகிப்போகும். திரும்பப் போடும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஓட்டத்தில் எதிலாவது உரசிக் கழன்று விழலாம். சில வண்டிகளில் லிங்க் ரிவெட் அடித்துத்தான் வரும், அதை வெட்டாமல் கழற்றவே முடியாது.

வெள்ளவத்தை_பல்சர்

அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆப்பு விஷயத்தை வாசித்தவுடனே அளவு குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தப் பையன் அடித்த அடியில் அக்ஸல் நுனியின் மரை கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. நட் பாதி தூரம் போய் இறுகுகிறது. புது அக்ஸல் வாங்க வேண்டுமா? மற்றது, என் வண்டி மரின் டிரைவ் பக்கம் திறந்த இடத்தில்தான் இரவில் நிற்கிறது. அக்ஸல் முழுவதும் துருப்பிடித்து, உருவும்போதே கஷ்டமாக இருந்தது.

முகத்துவாரம்_ஸ்கூட்டி

துருவுக்கு நான் சொல்லலாமா அண்ணா? எங்கள் வீடும் கடலுக்குப் பக்கம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று உப்பை அப்படியே கொண்டுவந்து வண்டியில் பூசும். ஒவ்வொரு வருடமும் அது முடிந்த கையோடு அப்பாவின் சிடி100 இன் பின் அக்ஸலை நானும் அப்பாவும் உருவித் துடைப்போம். பஞ்சர் வரும் வரை காத்திருப்பதில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்தால் மேல் துரு போய்விடும். பிறகு மெல்லிய நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சொரசொரப்புத் தாள்) தேய்த்து, உலர்த்தி, விரலால் ஒரு மெல்லிய படை கிரீஸ். சாதாரண கிரீஸ் மழையில் கழுவுப்பட்டுப் போகிறது. படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் மரைன் கிரீஸ் என்று கேளுங்கள், உப்புத் தண்ணீரைத் தாங்கும். ஒரு டின் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். பேரிங்குகளுக்கு நடுவில் ஹப்புக்குள் இருக்கும் குழாயையும் மறக்க வேண்டாம். ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள். அக்ஸல் பெரும்பாலும் சிக்குவது அங்கேதான்.

அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே இரண்டு பக்கமும் அடித்து வையுங்கள். அவசரப்பட்டு அடிப்பதால்தான் மரை போகிறது.

கிராண்ட்பாஸ்_கராஜ்

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அக்ஸலின் உடம்பில் கிரீஸ் தாராளமாக இருக்கலாம், மரையில் அப்பிவிட வேண்டாம். மரை வழுவழுப்பாக இருந்தால் அதே பலத்தில் நட் அளவுக்கு மேல் இறுகிவிடும். துடைத்துச் சுத்தமாக வைத்தால் போதும்.

அடிக்க நேர்ந்தால் நட்டை முழுவதும் கழற்றாமல், நட்டின் முகமும் அக்ஸலின் நுனியும் சமமாக வரும் வரை திருப்பி விட்டு, மேலே ஒரு கட்டி மரமோ பித்தளைத் துண்டோ வைத்து அடியுங்கள். அடியை நட்டும் பகிர்ந்துகொள்ளும், மரை பிழைக்கும். அக்ஸல் உள்ளே போகத் தொடங்கியதும் நட்டைக் கழற்றிவிட்டு, அக்ஸலை விட மெல்லிய கம்பி ஒன்றால் தள்ளுங்கள்.

உங்கள் அக்ஸலுக்கு உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். லேத் (கடைசல்) கடையில் கொடுத்தால் நசுங்கிய முதல் மரையை எடுத்து, மரை வெட்டும் சரியான டை போட்டு மற்ற மரைகளைத் திருத்தித் தருவார்கள். அதன் பிறகு நட் முழுத் தூரமும் கையாலேயே ஓட வேண்டும். ஓடவில்லை என்றாலோ, அக்ஸலைக் கண்ணாடி மேசையில் உருட்டும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வளைந்த அக்ஸலைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லேத் கடைக்குப் போகும்போது இன்னொரு வேலையும் கொடுங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் பாவித்த அக்ஸல் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதன் உடம்பை உங்கள் அக்ஸலை விட அரை மில்லிமீற்றர் மெல்லியதாகக் கடைந்து, ஒரு நுனியைப் பென்சில் போலக் கூராக்கித் தரச் சொல்லுங்கள். இது வழிகாட்டிக் கம்பி. பூட்டும்போது உண்மையான அக்ஸல் வரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து இதை முதலில் விடுவீர்கள். கூர்நுனி கொஞ்சம் விலகியிருக்கும் ஓட்டையையும் கண்டுபிடித்து உள்ளே போய் எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்கு இழுத்துவிடும். பிறகு உண்மையான அக்ஸலை மறு பக்கத்திலிருந்து தள்ளுங்கள். அது உள்ளே போகப் போகக் கம்பி வெளியே வரும். இடையில் ஸ்பேசர் விழ இடமே இல்லை. வண்டியின் சொந்த அக்ஸலைக் கூராக்குகிறேன் என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். பாரம் தாங்கும் சாமானில் கை வைக்கக் கூடாது.

ஆர்15_தெஹிவளை

அந்த வழிகாட்டிக் கம்பியை நானும் செய்யப்போகிறேன் அண்ணே. என்னுடையது ஆர்15 வி3. பின்னால் டிஸ்க், டபல் ஸ்டாண்ட் இல்லை, ஸ்ப்ராக்கெட்டும் சில்லோடேயே வரும். இங்கே வாசிப்பவர்களில் இப்படி வண்டி வைத்திருப்பவர்களுக்காக என் பக்கத்தையும் எழுதுகிறேன்.

ஸ்விங் ஆர்மைத் தாங்கும் பெடொக் ஸ்டாண்ட் இல்லாமல் தொடங்க வேண்டாம். பிளாஸ்டிக் சோடாப் பெட்டியை எஞ்சினுக்குக் கீழே வைத்து வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நசுங்கினால் வண்டி ஆளின் மேல்தான். அக்ஸலை எடுத்த பிறகு சில்லை முன்னால் தள்ளினால் செயின் தளரும், அப்போது அதை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து எடுத்து ஸ்விங் ஆர்மில் சாத்திவிடலாம். அட்ஜஸ்டரைத் தொட வேண்டியதில்லை.

தொல்லை கொடுப்பது பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் கலிப்பர்தான். பூட்டும்போது டிஸ்க் இரண்டு பேடுகளுக்கும் நடுவே போக வேண்டும், அதே நேரத்தில் கலிப்பரின் பிராக்கெட் ஸ்விங் ஆர்மில் உள்ள தன் இடத்தில் உட்கார வேண்டும். சில்லு வெளியே இருக்கும்போது தவறியும் பிரேக் மிதியில் கால் பட்டால் பேடுகள் நெருங்கிவிடும், பிறகு டிஸ்க் உள்ளே போகாது. டிஸ்க்கின் தடிப்புக்கு மடித்த மட்டை ஒன்றைப் பேடுகளுக்கு இடையில் செருகி வையுங்கள். கலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால் ஸ்விங் ஆர்மோடு கட்டிவிட்டால் பிராக்கெட்டும் நகராது, ஒரு கை மிச்சம். எல்லாம் பூட்டிய பிறகு வண்டியை எடுப்பதற்கு முன் மிதியைப் பல தடவை அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தங்களில் பிரேக் பிடிக்காது, பேடுகள் டிஸ்க்குக்கு வந்து சேர வேண்டும். கொழும்பு - காலி வீதியில் முதல் சந்தியில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

வெள்ளவத்தை_பல்சர்

எல்லாருக்கும் நன்றி. அண்ணே, இன்னும் ஒன்றே ஒன்று. அக்ஸல் உள்ளே போன பிறகு இறுக்கும் ஒழுங்கு என்ன? டயர் கடையில் பூட்டிக் கொடுத்ததிலிருந்து பிரேக் மிதிக்கும்போது ஒரு அதிர்வு இருக்கிறது. சில்லு நேராக இருக்கிறதா என்பதிலும் சந்தேகம்.

கிராண்ட்பாஸ்_கராஜ்

அதிர்வுக்கு டிரம் நெளிந்திருப்பதும் காரணமாகலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிளேட் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை. அக்ஸல் நட்டைக் கையால் இறுகும் வரை சுற்றுங்கள். பட்டையைப் பிளேட்டில் மாட்டி அதன் நட்டையும் கையால் மட்டும். பிரேக் ரொட்டைப் பூட்டுங்கள். இப்போது செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே, கீழ்ப்பக்கத்திலிருந்து செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடத்தில், ஒரு தடித்த துணியை மடித்து வைத்துச் சில்லை வண்டி முன்னால் போகும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். துணி உள்ளே இறுகிச் சில்லை முன்னால் இழுக்கும், அக்ஸல் இரண்டு அட்ஜஸ்டர்களிலும் முட்டி நிற்கும். விரல் துணிக்குக் கிட்டவே போகக் கூடாது. இந்த வேலை நடக்கும்போது எஞ்சின் கட்டாயம் நின்றிருக்க வேண்டும், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செயின் அந்த இடத்தில் விரலை எடுத்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

துணி அப்படியே இருக்க, பிரேக் மிதியை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்ஸல் நட்டை இறுக்குங்கள். அழுத்தும்போது ஷூக்கள் டிரம்மோடு ஒட்டிப் பிளேட்டைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும். மிதியை அழுத்தப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், மிதியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி ஃபுட் ரெஸ்ட்டோடு இழுத்துக் கட்டுங்கள். கடைசி இறுக்கத்தை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால், உங்கள் வண்டியின் சேர்விஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கொடுங்கள். ரென்ச் இல்லாவிட்டால் தெரிந்த கராஜில் அந்த ஒரு நட்டை மட்டும் இறுக்கித் தரச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சில்லின் நேரைப் பார்க்க, ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் சட்டகத்தில் பூட்டியிருக்கும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அக்ஸலின் நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். செயினின் தளர்வு இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றருக்குள் வரும், உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு புத்தகத்தில் இருக்கும். சில்லை ஒரு சுற்றுச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும்.

பிறகு பட்டையின் நட். இதை நான் கடைசியில் எழுதுவது, எழுந்து போகும்போது உங்கள் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பட்டை கழன்றால் பிரேக் பிடித்தவுடன் பிளேட் சில்லோடு சேர்ந்து சுழலும், ரொட்டை முறுக்கும், பின் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். நட்டை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டு, இரண்டு கால்களையும் எதிரெதிராக மடியுங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். ஒரு பொதி வாங்கி வண்டியின் டூல் பையிலேயே வைத்திருங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்றும் ஒருக்காப் பாருங்கள், மிதியின் உயரம் மாறினால் அதுவும் மாறும். ஒரு நாள் ஓடிய பிறகு எல்லா நட்டிலும் ஸ்பானர் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் டிரம்மை அளந்து பார்ப்போம்.